எதிர்காற்றில் ஒரு தட்டு

வளர்ந்த பிள்ளை மேற்படிப்புக்காக வெளியூர் புறப்படுமுன் பெற்றோர் வாங்கிக் கொடுக்கும் பொருள்கள் எத்தனையோ உண்டு. பெட்டி, படுக்கை, போர்வை, கைக்கடிகாரம் என்று அந்தப் பட்டியல் நீளும். என் மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்ததோ ஒரு பிளாஸ்டிக் தட்டு. சோறு உண்ணும் தட்டு அன்று. கையால் வீசி விளையாடும் தட்டு. அதன் விலை பத்து டாலருக்கும் இருபது டாலருக்கும் இடைப்பட்டதுதான். ஆயினும் அதைத் தேர்ந்தெடுக்க அவனும் நானும் ஏறத்தாழ இரண்டு மாதங்களைச் செலவிட்டோம். அந்தத் தேர்வின் விவரத்தையும், அதனுள் அடங்கியிருக்கும் காற்றின் கணக்கையும் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கேன்சஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் சிறு நகரில் பணி நிமித்தமாக நாங்கள் வசித்து வருகிறோம். இந்தப் பகுதிக்கு ஃபிளின்ட் குன்றுகள் என்று பெயர். குன்றுகள் என்றதும் ஏலகிரியையும் ஏற்காட்டையும் எண்ணிவிடக் கூடாது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் புல்வெளிதான் அது. மண்ணுக்கடியில் சக்கிமுக்கிக் கல் நிறைந்திருப்பதால் ஏர் பூட்ட இயலாமல் போய், உயரமான புல் வளரும் பழைய நிலம் இங்கே அழியாமல் எஞ்சியிருக்கிறது. மரங்கள் குறைவு, ஆகவே காற்றுக்குத் தடையும் குறைவு. கேன்சஸ் என்ற பெயர் கான்சா என்னும் பூர்வகுடியினரின் பெயரிலிருந்து வந்தது. தென்காற்றின் மக்கள் என்று அதற்குப் பொருள் கூறுவர். மார்ச் முதல் மே வரை அந்தப் பொருளின் பொருத்தத்தை வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உணரலாம்.

இந்த ஊரில் பிள்ளைகளும் பெரியவர்களும் விரும்பி ஆடுவது டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தும் குழியும் உண்டு என்பதை அறிவோம். இதில் பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் இரும்புக் கம்பத்தில் பொருத்திய கூடை. கூடைக்கு மேலே வளையமாகச் சங்கிலிகள் தொங்கும். வீசிய தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த வீச்சுகளில் 18 கூடைகளையும் முடிப்பவரே வென்றவர். ஃபிரிஸ்பி என்னும் விளையாட்டுத் தட்டை மேம்படுத்திய எட் ஹெட்ரிக் என்பவர்தான் இந்த ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1975-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் திடல் அமைந்தது. மறு ஆண்டே ஆட்டக்காரர்களுக்கான சங்கமும் தோன்றியது. 2002-இல் அவர் இறந்தபின், அவருடைய விருப்பப்படியே உடலை எரித்த சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்களாம். நம் வழக்கத்துக்கு இது மிகவும் அந்நியமாகத் தோன்றினாலும், ஒரு மனிதர் தம் தொழிலின்மீது வைத்திருந்த பற்றை எண்ணி வியக்கத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் எம்போரியாவுக்கும் இந்த ஆட்டத்தில் தனி இடம் உண்டு. டைனமிக் டிஸ்க்ஸ் என்னும் தட்டு நிறுவனம் 2005-இல் தொடங்கப்பட்டு வளர்ந்தது இந்த ஊரில்தான். உலக சாம்பியன்ஷிப் போட்டிகள் 2016-இலும் 2022-இலும் இங்கேயே நடைபெற்றன. 2022-இல் ஆடவர் பிரிவில் பால் மெக்பெத்தும், மகளிர் பிரிவில் எஸ்டோனியா நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டின் தத்தாரும் வென்றனர். ஊரின் பூங்காக்களில் கூடைகள் நிரந்தரமாக நிற்கின்றன. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. அவற்றுள் பீட்டர் பான் பூங்கா எனக்கு மிகவும் பிடித்தமானது. வில்லியம் ஆலன் வைட் என்ற புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர், 1921-இல் குதிரைச் சவாரியின்போது விபத்தில் இறந்துபோன தம் இளம் மகள் மேரியின் நினைவாக ஊருக்கு வழங்கிய நிலம் அது.

எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தபோது, நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தனியே நடப்பது எனக்குச் சலிப்பைத் தந்தது. அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த மகன், பள்ளியில் கற்றுக்கொண்ட இந்த ஆட்டத்துக்கு என்னை இழுத்துச் சென்றான். ஒரு சுற்று முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்; மூன்று மைல் வரை நடந்துவிடுகிறோம். ஞாயிறுதோறும் அதிகாலைத் தொழுகையை முடித்துவிட்டுப் புறப்படுவது ஆறு ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குள் இருக்கும்போது அவனிடமிருந்து ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். சாப்பிட்டாயா என்றால் ‘ஆம்’. படித்தாயா என்றால் ‘ஆம்’. அதற்கு மேல் கேட்டால் அறைக்கதவு சாத்தப்படும். திடலில் அப்படியில்லை. ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் இடையே முகம் பாராமல் முன்னும் பின்னுமாக நடக்கும்போது பிள்ளைகள் தாமாகவே பேசுகிறார்கள். பள்ளியில் ஒருவன் தன்னைக் கேலி செய்ததையும், மருத்துவம் படிக்கத் தனக்கு விருப்பமில்லை என்பதையும், பொறியியலில் காற்றாலைகளைப் பற்றி அறிய ஆசை என்பதையும் அவன் முதன்முதலில் சொன்னது ஏழாவது கூடைக்குப் போகும் சரிவில்தான். வளரும் பிள்ளைகளை உடைய தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆண்டு அவனுக்கு டெக்சாஸ் மாநிலத்தில், லப்பக் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் மாதத்தில் புறப்பட வேண்டும். ஆகவே இந்த இளவேனில்தான் நாங்கள் ஒன்றாக நடக்கக்கூடிய கடைசிப் பருவம் என்று எனக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பருவமோ காற்றின் பருவமாயிற்று. நோன்புப் பெருநாள் கழிந்த மறு வாரம், கூடைக்கு எட்டு மீட்டர் தொலைவிலிருந்து அவன் வீசிய தட்டு, பழைய பனையோலை விசிறியைப் போல எதிர்காற்றில் எழும்பிக் கூடையைத் தாண்டிப் போய், விளிம்பு ஊன்றி விழுந்து, சரிவில் சக்கரம்போல் உருண்டோடி ஓடைக்கரையில் நின்றது. அதே கூடையில் நான்கு முறை இப்படி நடந்தது. “இந்தக் காற்று நிற்கும்வரை நான் வரப்போவதில்லை, வாப்பா” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். அடுத்த மூன்று ஞாயிறுகள் நான் தனியாகத்தான் நடந்தேன். கேன்சஸில் காற்று நிற்பதற்காகக் காத்திருந்தால் ஆகஸ்ட் வந்துவிடும்.

நான்காவது ஞாயிறுக்கு முந்தைய இரவு, அவனே என் முன்னால் வந்து அமர்ந்து, “காற்றுக்கென்றே ஓவர்ஸ்டேபிள் பட்டர் இருக்கிறதாம், பார்க்கலாமா?” என்று கேட்டான். அடுப்பங்கரையிலிருந்த என் துணைவியார், வெண்ணெய் கெட்டுப்போகாமலிருக்கும் வகையைப் பற்றி அவன் கேட்பதாக எண்ணிக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியில் நேற்று வாங்கியது இருக்கிறது என்றார். பட்டர் என்பது கூடைக்கு அருகிலிருந்து வீசுவதற்கான தட்டு. தூரத்துக்கு வீசும் தட்டுகளின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும். பட்டரின் விளிம்போ மழுங்கலாகவும் தடிப்பாகவும் இருக்கும். மெதுவாக வீசினாலும் நேராகச் சென்று, சங்கிலியில் மோதி, துள்ளாமல் விழ வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. 

ஓவர்ஸ்டேபிள் என்னும் சொல்லைப் புரிந்துகொள்ள, நாம் சிறு வயதில் சுற்றிய பம்பரத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் பம்பரத்தின் தலையை விரலால் தட்டினால், அது தட்டிய திசையிலேயே சாய்வதில்லை. அதற்குச் செங்குத்தான பக்கவாட்டில் நகர்ந்து தலையாட்டும். வீசிய தட்டும் சுழலும் பம்பரம்தான். காற்று அதன் முன் விளிம்பை மேலே தூக்கினால் தட்டு பின்புறமாக மல்லாந்து விடுவதில்லை. ஒரு பக்கமாகச் சரிகிறது. காற்று முன் விளிம்பைக் கீழே அழுத்தினால் மறுபக்கமாகச் சரிகிறது. வலக்கைக்காரர் உடலுக்குக் குறுக்கே கையைக் கொண்டுவந்து வீசும்போது தட்டு மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். அத்தட்டு வேகமாகச் செல்லும்போது வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். வேகம் குறையும்போது இடப்பக்கம் சரிந்து இறங்கும். வேகத்தில் வலப்பக்கம் திரும்புவதற்கு இணங்காமல், இறுதியில் இடப்பக்கம் உறுதியாகச் சரியும் தட்டே ஓவர்ஸ்டேபிள். 

என் மகன் இடக்கைக்காரன். அவனுக்கு இவையனைத்தும் தலைகீழ். என் தட்டு இடப்பக்கம் சரியும் இடத்தில் அவன் தட்டு வலப்பக்கம் சரியும். வலப்புறத்திலிருந்து வீசும் குறுக்குக்காற்று என் தட்டின் அடிவயிற்றில் புகுந்து தூக்கும். அதே காற்று அவன் தட்டின் முதுகை அழுத்தித் தரையில் சேர்த்துவிடும். ஒரே கூடை, ஒரே காற்று. ஆனால் நான் செய்வதைப் பார்த்து அவன் கற்றுக்கொள்ள இயலாது. ஊரிலிருக்கும் என் உம்மா அவன் குழந்தையாயிருந்தபோதே, “பிள்ளை இடக்கையை நீட்டுகிறான், வழக்கமாக்கிவிடாதே” என்று தொலைபேசியில் கண்டித்துக்கொண்டே இருந்தார். உண்பதற்கும் கொடுப்பதற்கும் வலக்கை என்று பழக்கிவிட்டோம். எழுதுவதும் வீசுவதும் மட்டும் இடக்கையிலேயே நிலைத்துவிட்டன.

காற்றின் கணக்கை ஒரு மாலைப் பொழுதில் அவன்தான் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினான். தட்டைத் தாங்கும் விசை, காற்றுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதிரே விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது. தட்டு உணரும் வேகம் 15. ஆகவே விசை இரண்டேகால் மடங்காகிறது. அதே காற்று முதுகுப்புறமிருந்து வந்தால் தட்டு உணரும் வேகம் 5 மட்டுமே. விசை கால் பங்காகக் குறைந்துவிடும். முன்னதில் தட்டு பட்டம்போல் எழும்பும். பின்னதில் கல்போல் விழும். மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது எங்கள் ஊரில் காற்று என்றே யாரும் குறிப்பிடாத வேகம். நாங்கள் விளையாடுவது பெரும்பாலும் அதைவிட மிகுந்த காற்றில்தான். இந்தக் கணக்கைப் பார்த்தபின், அவன் கையின்மீது கொண்டிருந்த கோபம் சற்றுத் தணிந்தது எனலாம்.

அடுத்த நாள் ஊரிலுள்ள ஒரு கடைக்குச் சென்றோம். சுவர் முழுவதும் தட்டுகள். ஜவுளிக்கடையில் புடவை பார்க்கும் பெண்களுக்கு நான் பொறுமையிழந்த கணவனாக உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நான் அந்தப் பெண்களின் நிலைக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு எண்கள் தருவது வழக்கம். முதல் எண், எந்த அளவு வேகத்துக்காக அது செய்யப்பட்டது என்பதைக் காட்டும். பட்டர்களுக்கு அது 1 முதல் 4 வரை இருக்கும். இரண்டாவது மிதப்பு: காற்றில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது. மூன்றாவது, வேகத்தில் திரும்பும் குணம். நான்காவது, இறுதியில் சரியும் குணம். நான்காவது எண் 2 அல்லது 3 என்றிருந்தால் அந்தப் பட்டர் ஓவர்ஸ்டேபிள் வகையைச் சேர்ந்தது.

கடையிலிருந்த இளைஞர் அன்பானவர். காற்றுக்கு என்று நாங்கள் கேட்டதும் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ஸோன், வெஸ்ட்சைட் நிறுவனத்தின் ஹார்ப் ஆகிய இரண்டையும் எடுத்து வைத்தார். இரண்டுக்கும் எண்கள் 4, 3, 0, 3. காற்றுக்கு அஞ்சாதவை என்று பெயர் பெற்றவை. மகன் உடனே பணத்தை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டான். நான் தடுத்து, நான்காவது எண்ணைவிட இரண்டாவது எண்ணைப் பார் என்றேன். அவனுடைய பழைய பட்டரின் எண்கள் 2, 4, 0, 1. காற்றில்லாத நாளில் அந்த மிதப்பு 4 ஒரு வரம்; சற்றுக் குறைவாக வீசினாலும் கூடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிர்காற்று வரும்போது அதே மிதப்புத்தான் தட்டைத் தூக்கிக் கூடைக்கு மேலே கொண்டுபோகிறது. அவனைத் தோற்கடித்தது இறுதிச் சரிவின் குறைவு அன்று, மிதப்பின் மிகுதி. எட்டு மீட்டர் தொலைவுக்குள் தட்டு பக்கவாட்டில் திரும்புவதற்கு நேரமே இல்லை. மேலே எழும்புவதற்குத்தான் நேரம் இருக்கிறது.

இதில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முப்பது, நாற்பது மீட்டர் தொலைவிலிருந்து எதிர்காற்றில் கூடைக்கு அருகே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை. அதற்கு ஸோனும் ஹார்ப்பும் மிகச் சிறந்தவை. பலமாக வீசினாலும் புரண்டுபோகாமல் தம் பக்கம் சரிந்து நிற்கும். அருகிலிருந்து கூடைக்குள் போடுவது வேறொரு வேலை. அதற்கு மிதப்புக் குறைந்த, தடித்த தட்டு வேண்டும். அவ்வகையில் இன்னோவா நிறுவனத்தின் ரைனோ 2, 1, 0, 3. அதே நிறுவனத்தின் பிக் 3, 1, 0, 3. காஸ்டாபிளாஸ்ட் என்னும் சுவீடன் நிறுவனத்தின் பெர்க் 1, 1, 0, 2. மூன்றிலும் மிதப்பு 1. காண்டாமிருகம், பன்றி, மலை என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தாம். பன்றி என்ற பெயரைக் கேட்டதும் மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பெயரில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னாலும், அவன் உம்மும்மாவுக்கு அதன் பெயரைச் சொல்ல முடியாது என்பது அவன் வாதம். அது ஒதுக்கப்பட்டது.

பெர்க் கையில் அழகாக அமர்ந்தது. நான் அதைத்தான் விரும்பினேன். மகனோ ரைனோவின் மேற்புறத்தில், விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய வரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும் என்றான். வீசுபவன் அவன், விரலும் அவனுடையது. எண்களைப் படித்து நூறு காரணம் சொல்லலாம். கையில் எடுத்தவுடன் விரல்கள் தேடாமல் அமர வேண்டும் என்பதுதான் இதில் முதல் தகுதி. கூடையின் முன் நின்று பிடியை மாற்றி மாற்றிப் பார்ப்பவன் காற்று வீசாவிட்டாலும் தவறவே விடுவான்.

ரைனோ என்று முடிவான பின்னும் கடையில் அரை மணி நேரம் கழிந்தது. ஒரே அச்சில் வார்த்த தட்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேற்புறம் குவிந்து நிற்கும் தட்டு அதிகம் மிதக்கும். தட்டையானது குறைவாக மிதக்கும். ஆகவே மேசைமீது வரிசையாக வைத்து, கண்மட்டத்துக்குக் குனிந்து, எது தட்டை என்று பார்த்தோம். விளிம்பின் வெளிப்புறத்தில் அச்சின் இரு பகுதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்குத் தட்டு உறுதியாகத் தன் பக்கம் சரியும். வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

எடையும் முக்கியம். சங்கத்தின் விதிப்படி, விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரைதான் எடை இருக்கலாம். 21.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு என்றால் ஏறத்தாழ 176 கிராம் உச்சவரம்பு. காற்றுக்கு அந்த வரம்பை ஒட்டிய எடையே நல்லது. முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குச் சான்று தேவையில்லை. அடிப்புறத்தில் எடையை எழுதியிருப்பார்கள். நாங்கள் 175 கிராம் எழுதியிருந்ததை எடுத்தோம்.

பிளாஸ்டிக்கின் வகையில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. விலை குறைந்த வகை சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். குளிரிலும் ஈரத்திலும் கையில் நன்றாகப் பிடிக்கும். சங்கிலியில் மோதினால் துள்ளாமல் தங்கும். ஆனால் கம்பத்திலும் கல்லிலும் மோதி மோதி விளிம்பு தேயத் தேய, அதன் சரியும் குணம் குறைந்து, ஓராண்டில் நேராகப் போகும் சாதாரணத் தட்டாகிவிடலாம். விலை மிகுந்த வகை கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். நெடுங்காலம் குணம் மாறாது. காற்றுக்கென்று வாங்கும்போது குணம் மாறாததே நல்லது என்பது என் எண்ணம். மகன், குளிரில் விரல் வழுக்கினால் குணம் மாறாமல் இருந்து என்ன பயன் என்று கேட்டான். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. கடைசியில் விலை குறைந்த வகையில் ஒன்று அவனுக்கு, விலை மிகுந்ததில் ஒன்று எனக்கு என்று இரண்டு வாங்கினோம். யார் சொன்னது சரி என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரியும். அப்போது அவன் லப்பக்கில் இருப்பான். அந்த ஊரும் காற்றுக்குப் பெயர் பெற்றது. மேற்கு டெக்சாஸ் சமவெளியில் புழுதிக் காற்றே எழும். ஆகவே இந்தத் தட்டுக்கு அங்கும் வேலை உண்டு.

அடுத்த ஆறு வாரங்கள் பூங்காவில் பழகினோம். புதிய தட்டு வந்தவுடன் எல்லாம் கூடையில் விழுந்தன என்று எழுதினால் அது உண்மையாகாது. முதல் நாள் பெரும்பாலான வீச்சுகள் கூடைக்கு முன்னாலேயே விழுந்தன. பழைய தட்டு மிதந்து போய்ச் சேர்ந்ததை இது செய்வதில்லை. கை கொடுத்த விசையளவே போகும். ஆகவே மெதுவாகத் தூக்கிப்போடும் பழக்கத்தைக் கைவிட்டு, தாழ்வாகவும் உறுதியாகவும் சங்கிலியை நோக்கி அடிக்க வேண்டியிருந்தது. முன் விளிம்பு ஒரு நூல் அளவுகூட மேலே நோக்கக் கூடாது. நோக்கினால் எந்தத் தட்டும் எழும்பத்தான் செய்யும். காற்றின் குறுக்கே நிற்கும்போது கால்களை அகட்டி நிற்க வேண்டும். கூடைக்குப் பத்து மீட்டருக்குள் இருந்தால், தட்டை வீசியபின் நிலைதடுமாறி முன்னால் அடியெடுத்து வைக்க விதி இடம் தருவதில்லை. பலத்த காற்றில் நின்ற இடத்தில் நிற்பதே ஒரு பயிற்சி. அறுபதை நெருங்கும் எனக்கு அதுவே போதுமான உடற்பயிற்சியாக அமைந்தது.

இரண்டாவது வாரத்திலேயே ஒரு மாற்றம் தெரிந்தது. கூடையில் விழுந்தவற்றின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. தவறியவை விழுந்த இடம்தான் மாறியது. முன்பு எதிர்காற்றில் தவறிய தட்டு பத்து மீட்டர் தள்ளிப் போய் விழும். திரும்ப வீசுவதும் அதே அளவு கடினம். இப்போது கம்பத்தின் காலடியில் இரண்டு எட்டில் கிடந்தது. குனிந்து எடுத்து அடுத்த வீச்சில் போட்டுவிடலாம். ஒரு கூடையில் நான்கு வீச்சு வீணான நாள்கள் போயின. அவன் முகத்தில் இருந்த இறுக்கமும் தளர்ந்தது. ஏப்ரல் இறுதியில் ஒரு ஞாயிறு, கொடிக்கம்பத்தின் கயிறு படபடவென்று அடித்துக்கொண்டிருந்த காற்றில், 18 கூடைகளையும் முடித்துவிட்டு இன்னொரு சுற்றுப் போகலாமா என்று அவனே கேட்டான். அந்த இரண்டாவது சுற்றில்தான், தனியாக அறையெடுத்துத் தங்குவதை எண்ணி இரவில் தூக்கம் வருவதில்லை என்றும், இதை உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. முதன்முதலாக நான் வீட்டை விட்டு வந்த ஆண்டு, மூன்று மாதம் வரை சோற்றுக்கு உப்புப் போதவில்லை என்று அழுத கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, என் முறை வந்துவிட்டது, வீசுங்கள் என்றான்.

பின்காற்றில் மட்டும் இந்தத் தட்டு எங்களுக்கு ஒத்துவரவில்லை. மிதப்பும் இல்லை, தூக்கும் காற்றும் இல்லை என்றால் அது விழாமல் என்ன செய்யும்? கூடைக்கு மேலே குறிவைத்து வீசினாலும் சங்கிலியின் அடியில்தான் போய்ப் படுகிறது. ஆகவே காற்று முதுகில் அடிக்கும்போது அவன் பழைய பட்டரையே எடுக்கிறான். காற்றுக்கென்று ஒரு தட்டு வாங்கிவிட்டால் பழையதைத் தூக்கியெறிந்துவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு, கூடைக்கு முன் நின்று ஒரு பிடி புல்லைக் கிள்ளி மேலே விட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே எங்கள் வழக்கம். குறுக்குக்காற்று என்றால் மட்டும் நான் ஒன்றை எடுப்பேன், அவன் வேறொன்றை எடுப்பான்.

இந்த ஆட்டத்தில் தட்டின் அடிப்புறம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மையால் எழுதி வைப்பது வழக்கம். புதரிலோ நீரிலோ தொலைந்த தட்டைக் கண்டெடுப்பவர் உரியவரை அழைத்துக் கொடுப்பார், பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். சென்ற வாரம் அவன் ரைனோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். தன் பெயருக்குக் கீழே என் எண்ணை எழுதியிருந்தான். லப்பக்கில் தொலையப் போகும் தட்டுக்குக் கேன்சஸில் இருக்கும் என் எண் எதற்கு என்று கேட்டேன். “தெரியாத எண்ணிலிருந்து அழைத்தால் நான் எடுக்க மாட்டேன், வாப்பா. நீங்கள் எடுப்பீர்கள்” என்றான்.